அமர்ந்தபடியே ஆடலாம்



பங்குத் திருவிழாவோ மறைக்கல்வி ஆண்டு விழாவோ, பிள்ளைகளின் நடனம் இல்லாமல் முடிவதில்லை. அப்போது தசை நோயுள்ள பிள்ளை எங்கே இருக்கிறது? அம்மாவின் மடியில், பார்வையாளராக. "பாவம், அவனால் என்ன முடியும்?" என்று விட்டுவிடுகிறோம்.

முடியும். பரதநாட்டியக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் சென்னையில் 'ரசா' அமைப்பைத் தொடங்கி, பலவகைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஆடல், பாடல், கதை, நாடகம் வழியாகவே பயிற்சி அளித்தார். பரதத்தில் கால் மட்டுமா ஆடுகிறது? கண், கழுத்து, விரல் முத்திரை, முகபாவம் எல்லாமே நடனம்தான். இவற்றைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாம். கையைப் பத்து முறை உயர்த்து என்றால் அழும் பிள்ளை, பாட்டோடு என்றால் இன்னொரு முறை கேட்கும்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே பயிற்சி ஆகாது. மூளைவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தசை இறுகியிருக்கும். மெதுவான அசைவுகள் அவர்களுக்கு ஏற்றவை. டுஷேன் தசைச் சிதைவு நோய் வேறு. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாததால் வருவது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. சின்ன வயதிலேயே அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது தன் தொடைமேலேயே கையூன்றி எழுவான். இவனைக் குதிக்க வைத்தாலோ, களைக்கும்வரை ஆட வைத்தாலோ இருக்கும் தசையும் கெடும். "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்பது இங்கே கூடாது. மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சொல்வதே அளவு.

நடனம் இந்த நோயைக் குணமாக்காது. இதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு குணமளிக்கும் கூட்டத்துக்கும் பிள்ளையைத் தூக்கி அலைந்து, கடைசியில் "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்ற பழியையும் சுமக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. (அப்படிச் சொல்பவர்கள் ஒரு நாளாவது அந்தப் பிள்ளையைத் தூக்கிப் பார்க்கட்டும்.) நடனம் தருவது வேறு: நோயாளியாக அல்ல, ஆடுபவனாகப் பிறர் அவனைப் பார்க்கும் ஒரு மணி நேரம்.

நம் விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூர் தூரமில்லை. அங்கே சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பின் பயன். தோல் தொழிற்சாலைக்குக் கூலிக்குப் போகும் பெற்றோருக்கு மருத்துவமனைக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி போகும். அன்பியத்தில் ஒருவர் துணைக்குப் போகலாமே!

தாவீது பேழைக்கு முன் ஆடியதை (2 சாமு 6) மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். மூன்று அதிகாரம் தள்ளி, இரு கால்களும் ஊனமான மெபிபொசேத்தை அதே தாவீது தேடி வரவழைத்துத் தம் பந்தியில் அமர்த்துகிறார். அவன் நடந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. கடைசி வரியிலும் ஊனமுற்றவனாகவே இருக்கிறான். பந்தியில் இடம் மட்டும் நிலையாக இருக்கிறது.

அடுத்த விழாவுக்கு நடனம் பழக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள். மேடைக்குப் படியோடு ஒரு சாய்தளமும் போடச் சொல்லுங்கள்.