சாரதிக்கு வழி விடுங்கள்

கழுகுமலை, குருமலை போன்ற குன்றுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பிரதேசம் அடிவானம் வரை சமதரையாகவே விரிந்து கிடப்பதால், மேல்நாட்டார் மலைச்சரிவில் மோட்டார்களை ஏறவிட்டுக் கண்டுகளிக்கும் விநோதத்துக்கு இங்கே இடமில்லை; ஆயினும் வேகத்தின்மீது மனிதனுக்குள்ள மோகம் மேடு பள்ளம் பார்த்துப் பிறப்பதில்லையாதலால், கோயில் கொடைகளை முன்னிட்டு நம் ஜனங்கள் நேரான தார்ச்சாலையிலேயே மாட்டு வண்டிப் பந்தயம் நடத்திக் குதூகலிக்கிறார்கள். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழாவிலும் இப்பந்தயம் உண்டு.

பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து, போகவர இத்தனை மைல் என்று தூரமும் வகுத்தபின், வண்டிக்கொரு சாரதியும் துணைச் சாரதியுமாகப் புறப்படுகிறார்கள். புறப்படும் இடத்தில் எல்லா மாடுகளும் புதுத்தெம்போடு நிற்பதால், அங்கே தெரிவது ஆரவாரம் மட்டுமே. விஷயம் அறிந்த ரசிகர் நிற்பதோ வண்டிகள் திரும்பும் எல்லையில். வேகம் குறையாமல் திருப்பினால் வண்டி குடைசாயும், அகல வளைத்தால் பின்னால் வருகிறவன் முந்துவான் என்ற இக்கட்டில்தான் சாரத்தியத்தின் சாமர்த்தியம் புலப்படும்.

பந்தயக் காளைகள் இப்போது குட்டியானை எனப்படும் சிறு சரக்கு மோட்டாரில் ஏறி வந்து இறங்குகின்றன; களைப்பில்லாமல் அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதில் மோட்டார் உபகாரமே செய்கிறது. ஆனால் கொடியசைந்ததும் அந்த உபகாரம் உபத்திரவமாக மாறி, மோட்டார் சைக்கிள்கள் கூச்சலும் ஹாரனுமாக வண்டிகளை நெருக்கித் துரத்துகின்றன. ஒரு மாடு இடறி விழுந்தால், பின்னால் வருகிறவன் எங்கே ஒதுங்குவான்?

இதற்கு மாறாக, இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்தில் 1905 ஆகஸ்டு 12ஆம் தேதி தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தில், சுமார் 914 மீட்டர் நீளமுள்ள ஏற்றப்பாதையில் புராதனக் கார்களும் நவீனக் கார்களும் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிட, காண வந்தவர்கள் பாதையோரத்திலேயே நிற்கிறார்கள். இரண்டு காலங்களின் வாகனங்கள் ஒரே பாதையில் ஓடியும் ஒன்றையொன்று இடிப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் இந்த ஒழுங்கே.

நம் நாட்டிலோ, 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்த உச்ச நீதிமன்றம், 2023 மே 18 அன்று தமிழ்நாடு, மராட்டியம், கர்நாடகம் ஆகிய மாநிலங்கள் இவ்விளையாட்டுகளை அனுமதித்து இயற்றிய திருத்தச் சட்டங்களை ஏற்றுக்கொண்டது. இப்படித் திரும்பக் கிடைத்த விளையாட்டின் மானம் இனி ரசிகர் கையில் இருக்கிறது. ஆகையால், பந்தயம் பார்க்கப் போகும் அன்பர்களே, மோட்டார் சைக்கிளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, சாலையோரம் நின்று பாருங்கள்.