பொருந்தாததைத் தானே நீக்கும் படிவம்

அலுவலகப் படிவங்களில் "பொருந்தாததை அடித்துவிடுக" என்னும் குறிப்பை நேயர்கள் கண்டிருப்பீர்கள். திரு, திருமதி, செல்வி என அடுக்கிவைத்து, தெரிவு செய்யும் பொறுப்பை நிரப்புவோரிடம் விட்டுவிடுவது அம்முறை. அத்தெரிவையே விதியாக்கிப் படிவத்தினுள் அமைத்துவிட்டால், அடித்தல் திருத்தலுக்கு இடமில்லை. கணிப்பொறி உலகில் அவ்வாறு அமைந்த சிறு கருவி ஒன்று உண்டு. ஜேசன்-ஈ என்பது அதன் பெயர்.

பயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லா நிறுவனத்தில் தோன்றிய இது, ஜாவாஸ்கிரிப்டு மொழியில் நிரல் எழுதுவோர்க்கு உதவும் நூலகமாகும். பைதான், கோ, ரஸ்ட் மொழிகளிலும் கிடைக்கின்றது. இதற்கு வேண்டுவன இரண்டே: வார்ப்பு ஒன்று, தரவு ஒன்று. இரண்டையும் சேர்த்து அளித்தால் நிறைவுற்ற தரவு வெளிவரும்.

வார்ப்பினுள் டாலர் குறியுடன் தொடங்கும் சில சொற்களே விதிகள். 'இஃப்' என்பது நிபந்தனை; 'மேப்' என்பது பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே செயலைச் செய்விப்பது; 'இவால்' என்பது கணக்கிட்டு விடை தருவது. "வயது 60 அல்லது அதற்கு மேற்பட்டதெனில் சலுகைப் பகுதியை இடுக" என்று எழுதிவைத்தால், 59 வயதினர்க்கு அப்பகுதி சுவடின்றி மறையும்.

இதில் இரு நன்மைகள் உள. வெறும் எழுத்துத் தொடரில் சொற்களைச் செருகும் முறையில், பெயரினுள் வந்த ஒரு மேற்கோள் குறி முழு ஆவணத்தையும் குலைத்துவிடக்கூடும். இங்கோ வார்ப்பும் தரவே ஆதலின் அத்தீங்கு நேராது. மேலும், 2009-இல் தோன்றிய மஸ்டாச் என்னும் வார்ப்புமுறை, கிடைக்காத தகவலின் இடத்தை வெறுமையாக விட்டுச் செல்வது. ஜேசன்-ஈ பிழையென அறிவித்து நின்றுவிடும். பெயரில்லாத கடிதம் வெளியே போகாது.

ஆயினும் தமிழுக்கென ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் ஊர்ப்பெயருக்கு இடம் விட்டால் போதும். தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி, அதன் ஈற்றுக்கு ஏற்ப வடிவம் கொள்ளும்: மும்பையில், கான்பூரில், அகமதாபாத்தில். வெற்றிடத்தை மட்டும் நிரப்பினால் "மும்பை இல்" என்னும் சிதைவே மிஞ்சும். 'வந்தான், வந்தாள், வந்தார்' என்பவற்றுக்கும், 'ஒரு கடிதம், மூன்று கடிதங்கள்' என்பவற்றுக்கும் இதுவே நிலை.

பரிகாரம் எளிது. ஊர்ப்பெயரோடு உருபேற்ற வடிவத்தையும் தரவில் தனியே சேர்த்துவைத்தல் வேண்டும். பாலும் எண்ணும் மாறுமிடங்களில், சொல்லை மட்டும் மாற்றாது முழு வாக்கியத்தையே விதியின் இரு கிளைகளிலும் எழுதுதல் வேண்டும். நிரல் எழுதுவோர் இதனை மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. வார்ப்பு முடிந்தபின் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடுவது சிறிதே.

பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுட் பலர் தமிழ் எழுத்தைப் பள்ளியிற் காண்பதினும் திரையிற் காண்பதே மிகுதி. அங்கே "மும்பை இல்" என்று படிக்கும் பிள்ளை, அதுவே தமிழ் என்று கொள்ளும். அதனைத் தடுக்க இரண்டு வரி விதி போதும்.