எங்கே சாப்பிடலாம், நானா?

மிளகு, கராம்பு எடுக்க மாவனல்லைக்கு வரும் கொழும்பு வியாபாரிகள், “வழியில் எங்கே சாப்பிடலாம், நானா?” என்று கேட்பார்கள். மதுச்சாலைக்கு வழி சொல்ல நான் ஆளில்லை. மற்றபடி கண்டி வீதியில் ஊருக்கு ஊர் சொல்வேன்: கஜுகமவில் வறுத்த கஜு, வரக்காபொலையில் எள்ளுத் தலகுலி, மாவனல்லை டவுனில் நம்மவர் ஹோட்டல்களில் பகலுக்குப் புரியாணி, இரவுக்குக் கொத்து ரொட்டி. கண்டி வரை போவோருக்குக் கடுகண்ணாவை ஏற்றத்தில் சூடான பிளேன்டீ.

2001 மே மாதம் நம் கடைகள் எரிந்தபின், சிங்களவர் கடைகளைச் சொல்லச் சில காலம் எனக்கு நாவெழவில்லை. ஒருநாள் புதிய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அனுப்பியது யாரென்று கேட்டேன். வரக்காபொலைச் சிங்கள வியாபாரி ஒருவராம். எனக்கு வெட்கமாகிப் போனது.

சகோதரர்களே, நல்ல கடை யாருடையதானாலும் சொல்லுங்கள். நம் வாக்கை நம்பியவர் நம் சரக்கையும் நம்புவார்.