வெண்டைக்காயின் கொழகொழப்பை ஏன் விரட்ட வேண்டும்?

பிடி கொடுக்காமல் வழவழவென்று பேசுகிறவரை 'விளக்கெண்ணெயில் போட்ட வெண்டைக்காய்' என்று கேலி செய்வது நம் வழக்கம். பேச்சில் கிடைத்த இந்தக் கெட்ட பெயர் அடுப்படியிலும் காயை விட்டபாடில்லை. பண்ருட்டியிலோ கடலூரிலோ கால் கிலோ வெண்டைக்காய் வீட்டுக்கு வந்தால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கழுவி, துணியால் ஒற்றி, நறுக்கி, எண்ணெயில் சுருளச் சுருள வதக்குவது. 'கொழகொழப்பு போச்சா?' என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் சமையலின் வெற்றி தோல்வி முடிவாகிறது. கேள்வியே தவறு என்பது என் கட்சி. இந்தக் காயின் முதலே அந்தக் கொழகொழப்புதான். எந்தப் பதார்த்தத்தில் அதை அடக்குவது, எதில் வேலை வாங்குவது என்று தெரிந்துகொண்டால், வாரம் இருமுறை ஒரே வறுவலைத் தின்னும் சலிப்பு நமக்கு வராது.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். சர்க்கரைக் கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள் அது. ஜாமை இறுகவைக்கும் பெக்டினுக்கு நெருங்கிய உறவு. காய்க்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. கத்தி பட்டு, தண்ணீரைச் சந்தித்தால் உப்பிக்கொண்டு இழுபடும். பாட்டிமார் சொல்லிவைத்த விதிகள் அத்தனையும் இதிலிருந்தே பிறக்கின்றன. கழுவிய பிறகு நறுக்கு, நறுக்கிய பிறகு கழுவாதே என்பது தண்ணீரைத் தவிர்க்க. மூடி போடாதே என்பது ஆவி திரும்பி விழாமல் இருக்க. உப்பைக் கடைசியில் போடு என்பது காயிலிருந்து நீர் விடாமல் இருக்க. பொடியாக நறுக்கினால் வெட்டுவாய் அதிகம், கொழகொழப்பும் அதிகம். அரை விரல் நீளத் துண்டுகளில் அது குறையும். வதங்கும்போது ஒரு கரண்டி புளித்த தயிர் விடுவதற்கும் காரணம் உண்டு: நடுநிலையான நீரில் கெட்டியாக நிற்கும் அந்தப் பசை, புளிப்பு சேர்ந்ததும் ஓரளவு தளர்ந்துவிடும். பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சோடா உப்பு போடுகிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். நிறம் நிற்கும், கொழகொழப்பும் நிற்கும், வைட்டமின் சி போய்விடும். இரும்புச் சட்டியில் காய் கறுத்துப்போவது பற்றிக் கவலை வேண்டாம். காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது, கெடுதல் இல்லை.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இது கத்திரிக்காய்ச் சீமை. பண்ருட்டிக்குப் பக்கத்தில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தந்த பாலூர்-1 ஒரு கத்திரி ரகம்; சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுமப்பதும் ஒரு கத்திரிதான். நடராசர் கோயில் சம்பா சாதத்துக்குத் துணையாக நின்று, இட்லிக்கும் வந்து சேர்ந்த கொத்சுவிலும் கத்திரிக்காய்க்குத்தான் முதல் மரியாதை. ஆனால் கொத்சுவுக்கு வேண்டியது என்ன? புளித்தண்ணீர் தனியாக ஓடாமல் சோற்றோடு ஒட்ட ஒரு பிடிப்பு. கத்திரிக்காய் மசிந்து தருகிற அந்தப் பிடிப்பை வெண்டைக்காய் மசியாமலே தரும். நான்கில் மூன்று பங்குத் துண்டுகளை நன்றாக வதக்கிக்கொண்டு, மீதியை வதக்காமல் அப்படியே கொதியில் போட்டால், புளிக்குழம்புக்குத் தேங்காய் அரைக்காமலே திட்டமான கெட்டி வரும். ஒரு எச்சரிக்கை: புளி, காயை வேகவிடாமல் விறைக்க வைக்கும். காய் முக்கால் பதம் வந்த பிறகே புளி ஊற்ற வேண்டும். அதற்குப் பின் எவ்வளவு கொதித்தாலும் துண்டு குலையாமல் நிற்பதும் அதே புளியின் உபகாரம்தான். மோர்க்குழம்பில் கதை வேறு. அங்கே தயிரும் அரைத்த தேங்காயுமே கெட்டி கொடுத்துவிடுவதால் காயை முழுக்க வதக்கிப் போடுவதே நியாயம். பொரியலிலோ, இந்த ஊரில் உடைந்த முந்திரிக்குப் பஞ்சமில்லை; கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு பிடி சேர்த்தால் அதன் மாவுத்தன்மை மிச்ச ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

கொழகொழப்பை வேலை வாங்குவது புதுமை ஒன்றுமில்லை. வெல்லம் காய்ச்சும்போது கரும்புச் சாற்றின் அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவர வெண்டைச் செடித் தண்டின் பசையை விடுவது இந்தியாவில் பழைய கைமுறை. நெல்லிக்குப்பம் ஆலையைச் சுற்றிக் கரும்பு வளர்க்கும் மாவட்டம் இந்தப் பசையை ஏளனம் செய்வது கொஞ்சம் வேடிக்கைதான். கர்நாடகத்தில் வெண்டைக்காயை மாவோடு அரைத்துத் தோசை வார்க்கிறார்கள். உளுந்து தருகிற வழவழப்பில் ஒரு பங்கை அது தருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் இழுபடாத வெண்டைக்காய்ச் சாறு சரியான சாறே இல்லை. அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அமெரிக்காவின் லூசியானாவுக்குக் கொண்டு சேர்த்த சமையலிலிருந்து வந்ததே 'கம்போ' என்ற கெட்டிக் குழம்பு. அந்தப் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல். ஜப்பானியர் லேசாக வெந்நீரில் காட்டி, வட்டமாக அரிந்து, சோயா சாற்றோடு அந்த இழுவைக்காகவே உண்கிறார்கள். அரபு நாடுகள் நம் ஊரைப் போலவே விரட்டும் கட்சி: பிஞ்சுக் காயின் காம்பை மட்டும் கூம்பாகச் சீவி, உள்ளறை உடையாமல் முழுசாகத் தக்காளியில் வேகவைப்பார்கள். விரட்டுவதிலும் அவர்கள் நம்மைவிட நுட்பக்காரர்கள்.

குழந்தைகள் கொழகொழப்பைத் தொடமாட்டார்கள், மொறுமொறு வறுவல் என்றால்தான் தட்டு காலியாகும் என்பார்கள். உண்மைதான், வறுவலை ஒழிக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் தனியாக வாயில் இழுபடும்போது பிடிக்காத அதே பொருள் குழம்பில் கரைந்து நிற்கும்போது யாருக்கும் தெரிவதே இல்லை. இன்னொரு பக்கம், கொழகொழப்பை மருந்தாக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதால் நஷ்டம் ஒன்றுமில்லை, லாபமும் இல்லை. இரவில் நறுக்கிப் போட்டுக் காலையில் குடிக்கும் தண்ணீர் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்பது அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. அந்த நார்ப்பசை சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கக்கூடும். ஆனால் 2011-இல் வங்கதேச ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது, மெட்ஃபார்மின் மாத்திரை உடம்பில் சேர்வதையும் அது தடுத்தது. மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தத் தண்ணீரை நம்பக் கூடாது. ஆக்சலேட் அதிகமுள்ள காய் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்களும் அளவு பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இது நல்ல காய்: 100 கிராமில் 33 கலோரிதான், நார்ச்சத்து 3 கிராமுக்கு மேல்.

எந்த வழியில் சமைத்தாலும் காய் இளசாக இருக்க வேண்டும். நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர்கள் முறைப்பார்கள்; ஆனால் பட்டென்று ஒடிகிறதா, நாராக வளைகிறதா என்று அறிய வேறு வழியும் இல்லை. வளைந்த காயை வாங்கிவிட்டால் அது வறுவலுக்கும் ஆகாது, கொத்சுவுக்கும் ஆகாது. விதையைப் பிரித்துச் சாம்பாரில் போட்டுவிட்டு, தோலை மாட்டுக்குப் போடலாம்.