எழுதுகோலைக் கீழே வைப்பதா?

கவிதை, ஓவியம், இசை ஆகிய துறைகளில் காலூன்ற முயலும் நம் இளைஞர் பலரை, சில ஆண்டுகள் கழிந்ததும் ஓர் ஐயம் பற்றிக் கொள்கிறது. ‘இதிலேயே தொடர்வதா, விட்டுவிடுவதா?’ என்பதே அது. மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம் முதலிய ஊர்களிலும் கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவரும் பிள்ளைகளுக்கும் இவ்வையம் புதிதன்று. இதனைச் சற்று ஊன்றி நோக்கினால், வெவ்வேறான இரண்டு வினாக்கள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பது புலப்படும். ஒன்று, ‘இது தகுமா?’ என்னும் மனச்சான்றின் வினா. மற்றொன்று, ‘இது சோறு போடுமா?’ என்னும் பிழைப்பின் வினா. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குத் தருவதாலேயே குழப்பம் மிகுகிறது.

முதல் வினாவை எடுத்துக் கொள்வோம். திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷுஅரா’, அதாவது ‘கவிஞர்கள்’ என்றே பெயர் பெற்றது. அதன் இறுதி வசனங்கள், சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி விட்டுத் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. அத்துடன் நில்லாது, இறைநம்பிக்கையும் நற்செயலும் இறைநினைவும் உடையோராய், அநீதிக்கு உள்ளான பின் தம்மைக் காத்துக் கொள்வோருக்கு விலக்கும் அளிக்கின்றன. ஆகவே, கண்டிக்கப்பட்டது கவிதை அன்று, பொறுப்பற்ற கவிஞனே.

நபித்தோழர்களின் வாழ்விலும் இருவழிகளைக் காண்கிறோம். ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்ற பின்னரும் கவிதையைத் தொடர்ந்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவருக்காகப் பள்ளிவாசலில் மேடை அமைக்கச் செய்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. முஅல்லகாக் கவிஞருள் ஒருவரான லபீத் பின் ரபீஆ (ரலி) அவர்களோ, இஸ்லாத்தைத் தழுவிய பின் கவிதையைப் பெரும்பாலும் விட்டுவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தொடர்ந்தவரும் மதிக்கப்பட்டார், நிறுத்தியவரும் மதிக்கப்பட்டார். விடுவதற்கும் தொடர்வதற்கும் உள்ளத்தின் தெளிவே அளவுகோல் என்பது இதனால் விளங்கும்.

இனி, இரண்டாம் வினா. பண்டு இதற்குப் புரவலர் விடையாக இருந்தனர். உமறுப்புலவருக்குச் சீதக்காதி வாய்த்தார். எனினும், சீறாப்புராணம் நிறைவுறுமுன் அவ்வள்ளல் மறைந்தார். அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவு தேவைப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியமே ஒருவருடைய ஆயுளை நம்பி இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் போன்ற நம் புலவர்களும் அங்குச் சிறப்புப் பெற்றனர். ஆனால் அவைப் புகழ் வேறு, அன்றாட அடுப்பு வேறு.

அதே மதுரையில் 1937இல் பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமானின் வாழ்வு வேறொரு வழியைக் காட்டுகிறது. உருதுக் கவிஞர் குடும்பத்தில் தோன்றித் தியாகராசர் கல்லூரியில் பயின்ற அவர், நாளிதழ் ஒன்றில் பிழைதிருத்துநராகச் சிறிது காலம் பணிசெய்தார். 1961இல் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் ஆசிரியப் பணியேற்றார். அவருடைய முதற் கவிதைத் தொகுதியான ‘பால்வீதி’ 1974இல்தான் வெளிவந்தது. திரைப்படப் பாடல் எழுத வந்த அழைப்புகளை அவர் ஏற்கவில்லை. ஐம்பதைக் கடந்த வயதில், 1991இல், கல்லூரிப் பணியை விட்டு முழுமையாக எழுத்தில் ஈடுபட்டார். ‘ஆலாபனை’ தொகுதிக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017இல் அவர் மறைந்தார்.

இதில் நாம் கருத வேண்டியது விருதை அன்று, வரிசையை. பிழைப்பின் சுமையை அவர் கவிதையின் தோளில் ஏற்றவில்லை. வகுப்பறை குடும்பத்தைத் தாங்கியமையால், வேண்டாததை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை கவிதைக்குக் கிடைத்தது. திரைப்பாடல் இழிவானது என்பது நம் கருத்தன்று, கவி கா.மு. ஷெரீப் அத்துறையிலும் மதிப்புடன் விளங்கினார். மறுப்பதாயினும் ஏற்பதாயினும், அது பசியின் கட்டளையாக இராமல் கலைஞனின் தேர்வாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

எல்லோருக்கும் கல்லூரிப் பணி வாய்க்காது என்பதையும் நாம் மறுக்கவில்லை. கடைக் கணக்கு எழுதியும், பாடம் சொல்லிக் கொடுத்தும், அச்சகத்தில் உழைத்தும் மாலை வேளையைக் கலைக்கென ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் தோற்றவர் அல்லர். மாத வருமானம் வராத காரணத்தால் ‘எனக்குத் திறமை இல்லை’ என்று முடிவு கட்டுவது, சந்தை விலையைக் கொண்டு தங்கத்தின் மாற்றைக் கணிப்பதைப் போன்றது. அவ்வாறே, திறமை இருப்பதாலேயே பெற்றோரையும் மனைவி மக்களையும் வறுமையில் வாட விடுவதும் அறமாகாது.

ஆதலின், ஐயுறும் இளைஞர் இரு வினாக்களையும் தனித்தனியே எழுப்பிக் கொள்ளட்டும். மனச்சான்று உறுத்துமாயின், எழுதும் பொருளையும் முறையையும் திருத்திக் கொள்ளலாம். லபீதைப் போல விட்டுவிடினும் இழுக்கில்லை. வருவாயே குறையாயின், வேறு தொழிலொன்றைத் துணைக்கு அழைக்கலாம். அதற்காக எழுதுகோலைக் கீழே வைக்க வேண்டியதில்லை.