ஒரே புயல், வேறு வேறு பயம்: மரபணுவுக்கு என்ன பங்கு?

அமரவிளையைக் கடந்து வரும் நெய்யாறு பூவாறில் கடலைச் சேர்கிறது. அந்தக் கடலோரத்தை 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் உலுக்கியது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

இப்படியொரு பேரிடருக்குப் பிறகு, பலமாகக் காற்று வீசினாலே சிலருக்குப் படபடக்கும். சிலருக்கு அந்தப் பயம் மெல்ல விலகிவிடும். ஏன்?

காற்றையும் ஆபத்தையும் முடிச்சுப் போடுவதில் மூளையின் அமிக்டலாவுக்கு முக்கியப் பங்குண்டு. அப்போது சுரக்கும் கார்ட்டிசால், ஆபத்து நீங்கியதும் அடங்கணும். அந்த பிரேக்கோடு தொடர்புடையது எஃப்கேபிபி5 மரபணு. அதன் சில வகைகள் இருந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும்.

அப்போ, எல்லாம் தலைவிதியா? இல்லை. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே இந்த வகைகளின் தாக்கம் தெரிந்தது. பயம் மூளை கற்ற பாடம். சிகிச்சையின் துணையோடு, 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடத்தையும் அது கற்கும்.