யானைக்கால் நோயும் ஒரு வாளி நீரும்



தஞ்சைத் தரணியில், அதிலும் கும்பகோணம் பக்கத்தில், யானைக்கால் நோயைக் காணாத முதியவர் அரியர். என் தாயாருக்கே அந்நோய் இருந்தது. அமாவாசை நெருங்கினால் அவருக்குக் குளிர்காய்ச்சல் வரும்; தொடையிடுக்கில் நெறி கட்டும்; கால் சிவந்து கனக்கும். நீர் பட்டால் காய்ச்சல் திரும்புமென்று காலை நனைக்கவே அஞ்சுவார். நாங்களும் அதனை நம்பினோம். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் உடல்நலப் பாடம் நடத்தியவன்தான். ஆயினும் அந்த அச்சமே அவருக்குப் பகையாயிற்று என்பதை அவர் மறைந்த பின்னரே அறிந்தேன்.

நூலிழை போன்ற ஒருவகைப் புழுக்கள் உடலின் நிணநீர்க் குழாய்களில் குடிபுகுந்து அவற்றைச் சிதைக்கின்றன. அவற்றின் நுண்ணிய இளம் புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து இரத்தம் எடுப்பதன் காரணம் அதுவே. இதில் கொசுவுக்குள்ள பங்கை 1877இல் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் சீனத்தில் இருந்தபோது கண்டறிந்தார். அக்கொசு பெருகுமிடம் சாக்கடையும் கழிவுநீர்க் குட்டையுமே. நம் நெல்வயலின்மேல் பழி சுமத்துவது பெரும்பிழை.

சரி, அடிக்கடி வரும் அந்தக் காய்ச்சல் எதனால்? நிணநீர் வடியாது தேங்கிய காலில், விரலிடுக்கு வெடிப்புகளின் வழியே வேறு கிருமிகள் புகுகின்றன. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அவையே. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தை வளர்த்துவிட்டே போகும். ஆகவே நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை மெல்ல ஒற்றி உலர்த்தி, வெடிப்புக்குக் களிம்பிட்டு, அமரும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துப் பயில வேண்டும். முற்றிய வீக்கம் முழுதும் மறைந்துவிடாது. ஆனால் காய்ச்சல் குறையும்; அது குறைந்தால் நோயாளி வேலைக்குப் போகலாம்.

நம் நாட்டில் இந்நோயைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1955இல் தொடங்கிற்று. அது பெரிதும் கொசுவையும் கிருமியையும் நோக்கியது. ஏற்கெனவே கால் பருத்தவர்களையும் கருதி, 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் தொடங்கிய திட்டத்தில் இத்தற்காப்பு முறையும் இடம்பெற்றது. இன்று பயிற்சி முகாம்களில் அகன்ற தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவற்றைத் தந்து, கழுவிக் காட்டிக் கற்பிக்கின்றனர். எய்ட்டி நாட்டின் லியோகான் நகரில் நோயாளிகளே ‘நம்பிக்கைச் சங்கம்’ கூட்டி ஒருவருக்கொருவர் பயிற்றுவித்தனர். சோப்பைவிட அக்கூட்டமே பெரிய மருந்தென்பது என் துணிபு. என் தாயார் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. புடவையை எவ்வளவு தழையக் கட்டினாலும் கால் தெரிந்துவிடுமே!

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் முகாமுக்குச் சென்று வந்தார். கொல்லைப்புறத்தில் அவர் கால் கழுவ, பள்ளியில் படிக்கும் பேத்தி துண்டால் விரலிடுக்கை ஒற்றுவாள். சென்ற வாரம் என்னைக் கண்டதும் அவர் சொன்னார்: “இரண்டு அமாவாசை கடந்துவிட்டது ஐயா, காய்ச்சல் வரவில்லை.”